ஒரு நூல் தடித்த நாமம்

வலது பக்கக் கோடு ஒரு நூல் தடித்துவிட்டது.

அர்ச்சகர் உப்பிலி இரண்டடி பின்னால் வந்தார். முதுகில் திரை உரசியது. தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். எப்படிச் சாய்த்தாலும் பெருமாளின் நெற்றியில் வலது கோடு தடிமன்தான். சந்தேகமே இல்லை. வேறு யார் கண்ணுக்கும் அது தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிகிறதே, அதற்கென்ன செய்வது?

இடது கோட்டையும் கொஞ்சம் தடிமனாக்கினால் கதை முடிந்தது என்று, குச்சியைத் திருமண்ணில் தோய்த்து ஒரு இழு இழுத்தார். இப்போது இடது கோடு தடித்துவிட்டது. சரி, வலதுக்கு இன்னும் கொஞ்சம். அச்சச்சோ, அதிகமாகிவிட்டது. இடதுக்கு இன்னும் ஒரு தீற்று. இப்படி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நியாயம் வழங்கியதில் பெருமாளுக்கு நெற்றி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பாக்கியில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி புருவம் வரைக்கும் ஒரே வெளுப்பு.

"பெருமாளே!" என்று தலையில் அடித்துக்கொண்டு, ஈரத்துணியை எடுத்து மொத்தத்தையும் துடைத்தார்.

வெளியே கூட்டத்திடமிருந்து "ச்சூ..." என்று ஒரு சத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து ஆரன்.

பாம்... பாம்... பாஆஆம்...

கல்பாக்கம் அணுமின் நிலையத்து ஸ்டாஃப் பஸ் அவசரப்படுத்துகிறது. உப்பிலியின் கை நடுங்க ஆரம்பித்தது. நடுங்குகிற கையால் நாமம் போட்டால் எப்படியிருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருக்கழுக்குன்றத்திலிருந்து கல்பாக்கம் போகிற ரோட்டின் ஓரத்தில் இருக்கிறது அந்தக் கோயில். சின்னதுதான். மேற்குப் பார்த்த சன்னிதி என்பதால் காலையில் மண்டபம் இருட்டிக் கிடக்கும். ஆனால் வாசல், மண்டபம், சன்னிதி எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே பெருமாளைச் சேவிக்கலாம். அந்த வசதிக்காகவே ஸ்டாஃப் பஸ் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போகும். எதிரே ஒரு டீக்கடையும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

தினமும் திருமஞ்சனம் ஆனதும் திரை போட்டுவிட்டு உப்பிலி அலங்காரம் செய்வார். வஸ்திரம் ஆயிற்று, மாலை ஆயிற்று, எல்லாம் மளமளவென்று நடக்கும். கடைசியில் நாமம் என்று வந்தால் மனுஷர் அங்கேயே நின்றுவிடுவார். குணம் அப்படி. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நாலடி போய்த் திரும்பிப் பார்த்து, கோணலாக நிற்கிறது என்று மறுபடி வந்து நேராக நிறுத்துகிற ஆசாமி. தோசை வட்டமாக இல்லையென்றால் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் போடுவார். நாமத்திலோ ஆபத்து அதிகம். அடியில் ஒரு சொட்டு வழிந்தால் போதும், வடகலைப் பெருமாள் தென்கலைப் பெருமாள் ஆகிவிடுவார். அப்புறம் இரண்டு கலைக்காரர்களும் கோர்ட்டுக்குப் போவார்கள், பெருமாளுக்காக வக்கீல்தான் பேச வேண்டும்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. நூல் வைத்து அளந்து பார்த்தார். நூல் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது ஒரு கோட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை, அதுதான் கோளாறு என்று முடிவுகட்டி, தர்மகர்த்தா ஹரிகிருஷ்ணனிடம் போய் நின்றார்.

ஹரிகிருஷ்ணன் ரிட்டையர்டு தாசில்தார். கோயிலுக்குப் பக்கத்து வீடு. விடியற்காலையில் எழுந்த வரைக்கும் போதும் என்று ரிட்டையரான அன்றே அலாரத்தைத் தூக்கிப் பரணில் போட்டவர். எட்டு மணிக்குக் காபி குடித்துவிட்டுத்தான் கோயில் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

"லைட்டுதானே கேட்டீங்க பட்டரே? போட்டாச்சே, இன்னும் என்ன?"

"மேலேர்ந்து அடிக்கறது சார். என் கையே மறைச்சுடறது. பெருமாளுக்கு ரெண்டு பக்கமும் சுவத்துல நல்ல வெளிச்சமா ரெண்டு எல்.ஈ.டி. போட்டுட்டா தேவலை."

போட்டார்கள். கல்யாண மண்டபத்துக்குப் போடுகிற மாதிரி விளக்கு. இருட்டில் ஒரு தப்பு தெரிந்த இடத்தில் இப்போது ஒன்பது தப்பு தெரிந்தது. கல்லில் உளி பட்ட பொட்டெல்லாம் தெரிந்தது. உப்பிலி இன்னும் அதிகமாகத் துடைத்தார்.

அடுத்து, பழைய வெல்வெட் திரையிலிருந்து பஞ்சு உதிர்ந்து ஈர நாமத்தில் ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தார். புண்ணியவான் யாரோ பச்சைக் கரை போட்ட மெல்லிய வெள்ளை மல் துணியில் புதுத் திரை தைத்துக் கொடுத்தார். பஞ்சு உதிர்வது நின்றது. துடைப்பது நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கூட்டம் சேர ஆரம்பித்தது. முன்பெல்லாம் பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கினால் அதிகம். இப்போது மொத்த பஸ்ஸும் இறங்கி மண்டபத்தில் நின்றது. பின்னால் வந்த கார்கள் நின்றன. பால்காரர்கூட கேனோடு நின்றார்.

"ஜனங்களுக்குக் கண்ணு இருக்குடி கோதை!" என்றார் உப்பிலி, வீட்டில் பெருமையாக. "நாமம் நன்னா அமைஞ்சா கூட்டம் தானா வரும்னு சொன்னேனே, பாத்தியா?"

"கூட்டம் வரது சரி. நீங்க எப்போ திரையைத் திறக்கறேள்?" என்றாள் கோதை, பொங்கலுக்கு மிளகைத் தட்டியபடி. கோயிலுக்குத் தளிகை அவள் பொறுப்பு. அந்நேரத்துக்கு அடுப்படியை விட்டு அவளால் நகர முடியாது.

இத்தனை பேர் பார்க்கப்போகிறார்களே என்ற கவலையில் இன்னும் நேரமானது. நேரமானால் ஆரன் அடித்தது. ஆரன் அடித்தால் கை நடுங்கியது. கை நடுங்கினால் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்தால் மறுபடி ஆரன்.

ஒரு நாள் ஹரிகிருஷ்ணன் தூக்கக் கண்ணோடு, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பஸ் அப்போதுதான் போயிருந்தது.

"பட்டரே, தினம் தினம் அந்த பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சு உயிரை எடுக்கறான். ஆபீஸ் போற ஜனங்க எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாங்க? கோவம் வராதா?"

"நாமம் கொஞ்சம்..."

"நாமம் என்னய்யா நாமம்! நாளைக்குக் காலைல எப்படியும் தொடைக்கப் போறீங்க. புரட்டாசி முதல் சனிக்கிழமை நானே காலைல வந்து உக்காரப் போறேன். பஸ் வர்றதுக்குள்ள திரை திறந்திருக்கணும். இல்லேன்னா சிங்கப்பெருமாள்கோயில்ல ஒரு பையன் இருக்கான், கை வேகமாம். காலை அலங்காரத்துக்கு அவனை வரச் சொல்லிடறேன். நீங்க சாயங்காலம் விளக்கேத்தினா போதும்."

சம்பளம் குறையாது, அதைப் பற்றி உப்பிலிக்குக் கவலையில்லை. ஆனால் காலையில் பெருமாள் முகத்தைத் தொட்டு அலங்காரம் செய்கிற அந்த நேரத்துக்காகத்தான் அவர் ராத்திரி தூங்கப் போவதே. அதை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வந்து விளக்கேற்றிவிட்டுப் போவதா? வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

கோதை கேட்டாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நான் தினம் பொங்கல் பண்றேன். ஒரு நாள் உப்பு தூக்கல். ஒரு நாள் குழைஞ்சு போறது. பெருமாள் ஏதாவது சொன்னாரா? நேத்திக்குப் பண்ணினதை இன்னிக்குத் தொட முடியுமோ? இன்னிக்குப் பொங்கலை இன்னிக்குப் பண்றேன், அவ்வளவுதான்."

"பொங்கலும் நாமமும் ஒண்ணாடி?"

"ஒண்ணோ ரெண்டோ, இன்னிலேர்ந்து தினம் ஆத்துல ஒரு நாமம் போடுங்கோ. எது மேல வேணா போடுங்கோ. திருமண் வேண்டாம், கோலமாவைக் கரைச்சுத் தரேன். ஒரே தடவைதான் கை வைக்கணும். போட்டா போட்டதுதான். அழிக்கப்படாது."

முதல் நாள் பூசணிக்காய்க்குப் போட்டார். இடது கோடு எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நின்றது. அழிக்கக் கூடாதே! ராத்திரி பூராவும் புரண்டார். காலையில் அவள் பார்க்காத நேரம் பார்த்து ஈரத்துணியோடு சமையலறைக்குப் போனால் பூசணியைக் காணோம்.

"எங்கேடி பூசணி?"

"கூட்டுல கொதிக்கறது."

அடுத்த நாள் பிரஷர் குக்கர். அதற்கடுத்து ஹெல்மெட். அதைப் போட்டுக்கொண்டு அவர் செங்கல்பட்டு போய்வந்த நாளில் சிக்னலில் நின்ற ட்ராஃபிக் போலீஸ்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கேஸ் சிலிண்டருக்குப் போட்ட நாமம் பரவாயில்லை ரகம். அதையும் மறுநாளே கேஸ்காரர் தூக்கிக்கொண்டு போய்விட்டார். "சிலிண்டருக்கே நாமமா சாமி?" என்று கேட்டுவிட்டு, தெருமுனை திரும்புவதற்குள் மூன்று இடத்தில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். எது கோணலாக வந்ததோ அது அவர் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தது. கோதை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

தண்ணீர் கேனில்தான் வினை வந்தது. வெறும் கேன்தானே என்று போட்ட நாமம் அநியாயத்துக்குக் கோணலாக வந்துவிட்டது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் தண்ணீர் வண்டிக்காரர் காலி கேனை எடுத்துக்கொண்டு, வேறு கேனை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஊரெல்லாம் தன் கோணல் சுற்றி வரப்போகிறதே! உப்பிலியால் தாங்க முடியவில்லை. ஈரத்துணியை இடுப்பில் செருகிக்கொண்டு, நாமம் போட்ட ஹெல்மெட்டோடு ஸ்கூட்டரில் துரத்தினார்.

தண்ணீர் வண்டிக்காரர் சரியாக ஞாபகம் வைத்திருந்தார். "நாமம் போட்ட கேனா? ரொப்பி, பஞ்சர் கடை ஏசுபாதத்தாண்ட எறக்கிட்டேனே!"

பஞ்சர் கடை சதுரங்கப்பட்டினம் திருப்பத்தில் இருந்தது. உப்பிலி போனபோது ஏசுபாதம் ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேன் ஒரு ஸ்டூலின் மேல் இருந்தது. கோணல் நாமத்தின் உச்சியில் ஒரு செம்பருத்திப் பூ.

"இன்னா சாமி, வண்டி பஞ்சரா?"

"இல்லேப்பா. அந்தக் கேன்..."

"அத்த ஏன் கேக்கற சாமி! தொறந்து குடிக்கலாம்னு பாத்தா பெருமாளு உக்காந்துகினு கீறாரு. நான் சர்ச்சுக்குப் போறவன். ஆனா தானா வூடு தேடி வந்தவர இன்னா பண்றது? ஒரு பூ வச்சேன். ஒரே தாகம் வேற. இன்னும் தொறக்க மனசு வர்ல."

உப்பிலி கிட்டே போய்ப் பார்த்தார். வலது கோடு இடது கோட்டைவிட நன்றாகவே நீளம். நடுவில் ஒரு நெளிவு. கையில் ஈரத்துணி தயாராக இருந்தது. செம்பருத்தியைப் பார்த்தார். ஏசுபாதத்தின் வறண்ட உதட்டைப் பார்த்தார். துணியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தாராளமா தொறந்து குடி. பெருமாள் ஒண்ணும் சொல்ல மாட்டார்," என்றார்.

"கோச்சிக்க மாட்டாரே?"

"கோச்சிக்கிற ஆள் நான்தான். அவர் இல்லை."

திரும்பி வருகிற வழியெல்லாம் அவருக்குச் சிரிப்பாகவும் இருந்தது, என்னவோ மாதிரியும் இருந்தது. இத்தனை வருஷமாக யாருக்குப் பயந்து துடைத்துக்கொண்டிருந்தோம் என்று கேட்டுப் பார்த்தார்.

அதற்கப்புறம் தினமும் ஒன்று. தேங்காய், சுரைக்காய், தண்ணீர் டிரம், பழைய டிவி. சில நாள் நன்றாக வந்தது. பல நாள் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் கோலமாவுக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். அடுத்த நாள் என்று ஒன்று இருக்கிறதே. கை மெல்ல மெல்ல அவரைக் கேட்காமலே போக ஆரம்பித்தது. தோசையைக்கூட இப்போதெல்லாம் திருப்பிப் பார்ப்பதில்லை. கோதைக்கு அதில்தான் பரம சந்தோஷம்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஹரிகிருஷ்ணன் சொன்னபடியே வந்து, மண்டபத்தில் நாற்காலி போட்டு, கொட்டாவியும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்துவிட்டார். பஸ் இன்னும் வரவில்லை. திரைக்குள்ளே உப்பிலி குச்சியைக் கையில் எடுத்தார். இது பூசணிக்காய் இல்லை. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்து, ஏசுபாதத்தின் கேனை நினைத்துக்கொண்டு, வீட்டில் போடுகிற மாதிரியே போட்டார். ஒரு கோடு. இன்னொரு கோடு. நடுவில் சிவப்பு. முடிந்தது.

வலது கோடு ஒரு நூல் தடித்திருந்தது.

கை தானாக ஈரத்துணிக்குப் போனது. போன கையை அவரே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கு இவ்வளவுதான் பெருமாளே, நாளைக்கு வரேன்," என்று சொல்லிவிட்டு, யோசிக்க நேரம் கொடுக்காமல் திரையைச் சரக்கென்று இழுத்தார். மணி அடித்தார்.

தீபாராதனை வெளிச்சத்தில் பெருமாளை நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு நூல் தடிமனில் பெருமாள் ஒரு பக்கப் புருவத்தைத் தூக்கி, "என்ன, வந்தாச்சா?" என்று கேட்கிற மாதிரி இருந்தது. அத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவர் அவ்வளவு பிரியமாகப் பார்த்ததே இல்லை.

"பலே! பஸ் வர்றதுக்கு முன்னாலயே!" என்றார் ஹரிகிருஷ்ணன். அவர் கடிகாரத்தை மட்டும்தான் பார்த்தார். "இனிமே காலை நேரம் உங்களுதுதான். யாரும் தொட மாட்டாங்க. நான் நிம்மதியா தூங்குவேன்."

அப்போதுதான் பஸ் வந்து நின்றது. டிரைவர் பூபாலன் ஆரனில் கை வைத்தார். திறந்திருந்த திரையைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். ஜனங்கள் திமுதிமுவென்று இறங்கி வந்து, மண்டபத்து வாசலிலேயே தயங்கி நின்றார்கள்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார் ஒருவர்.

"முடிஞ்சது! இனிமே யாரும் காத்திருக்க வேண்டாம்!" என்றார் உப்பிலி பெருமிதமாக.

"ஒரேயடியா முடிஞ்சிடுச்சா?" என்றார் இன்னொருவர். தீர்த்தம் வாங்கிக்கொண்டு போகும்போது அவர் முகம் சுருங்கியிருந்ததை உப்பிலி கவனிக்கவில்லை.

மறுநாளும் நேரத்துக்குத் திறந்தார். அடுத்த நாளும் அப்படியே. ஆரன் சத்தமே இல்லை. ஹரிகிருஷ்ணன் வெயில் ஏறும்வரை தூங்கினார். ஆனால் கூட்டம் கரைய ஆரம்பித்தது. முதலில் கார்கள் நிற்காமல் போயின. பிறகு பால்காரரைக் காணோம். கடைசியில் பஸ்ஸிலிருந்து பழையபடி இரண்டு பேர் மட்டும் இறங்கினார்கள். மற்றவர்கள் ஜன்னல் வழியே கன்னத்தில் போட்டுக்கொண்டு, செல்போனைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

உப்பிலிக்குப் பழைய அரிப்பு மறுபடி ஆரம்பித்தது. அந்த ஒரு நூல்தான் காரணமோ? அழகு போய்விட்டதால்தான் ஜனங்கள் வருவதில்லையோ? சன்னிதியில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஈரத்துணி எங்கே என்று கண் தேடியது.

ஒரு நாள் காலை, பூபாலன் மட்டும் இறங்கி வந்து துளசிக்குக் கை நீட்டினார். ஸ்டாஃப் பஸ்ஸைப் பல வருஷமாக ஓட்டுகிறவர். முகத்தில் சுரத்தே இல்லை.

"பூபாலா, ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும்," என்றார் உப்பிலி. "முன்னே லேட்டாறதுன்னு தினம் ஆரன் அடிச்சே. இப்போ டயத்துக்குத் திறந்தும் யாரும் வரதில்லையே, ஏன்? நாமம் கோணலாயிருக்கோ?"

"நாமமா? அது என்னிக்கும் நல்லாத்தான் கீது சாமி."

"பின்னே என்னப்பா?"

பூபாலன் வெள்ளைத் திரையைப் பார்த்தார், சுவரிலிருந்த இரண்டு விளக்குகளைப் பார்த்தார், வாசலில் நின்ற பஸ்ஸைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"கோச்சிக்காதீங்க சாமி, எங்க பஸ்ல வர்றவங்கல்லாம் உள்ள போனா ஒரு புள்ளி தப்பு பண்ணக் கூடாத வேலை பாக்கறவங்க, அந்த லைட்டுல உங்க நெழலு திரைல பெருசா விழும், நீங்க போட்டு, தலைய சாய்ச்சிப் பாத்து, தலைல அடிச்சிகினு, தொடச்சிட்டு மறுபடியும் மொதல்லேர்ந்து போடறத பாத்துட்டுப் போனா அன்னிக்கு முழுக்க மனசுக்கு ஒரு தெம்பு... ஆரன் அடிச்சது உங்கள அவசரப்படுத்தறதுக்கு இல்ல சாமி, 'அழிக்க ஆரம்பிச்சிட்டாரு, ஓடியாங்க'ன்னு டீக்கடையில நிக்கறவங்களக் கூப்புடறதுக்கு!"